சூரனுக்கு மூன்று பந்து

காலை ஏழு மணிக்குத் தூத்துக்குடியில் பஸ் மாறி ஏறினேன். திருச்செந்தூர் நாற்பது கிலோமீட்டர். டிக்கெட் ஒன்றே முக்கால் ரூபாய். 1974, ஆவணித் திருவிழா நேரம். உட்கார இடமா? மூச்சு விடவே இடமில்லை! ஆத்தூரில் ஏறிய வெற்றிலைக் கட்டுகளில் ஒன்று என் மடிக்கே வந்துவிட்டது. காயல்பட்டினம் தாண்டிய பிறகுதான் கொஞ்சம் கடல்காற்று கிடைத்தது.

நான் சாமி கும்பிடப் போகவில்லை, முருகன் மன்னிக்கட்டும். கோவில்பட்டியில் நான் நடத்தும் கேரம் கிளப் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. என் நண்பர் செல்லத்துரை அண்ணாச்சி, திருச்செந்தூர்க் கோயில் தெருவில் விளையாட்டு அறை ஒன்று திறந்திருக்கிறார், கூட்டம் தாங்கவில்லை என்று கேள்விப்பட்டேன். அந்த வித்தையைப் பார்த்து வரத்தான் இந்தப் பயணம்.

எட்டே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தேன். கூட்டம் உண்மைதான். உள்ளே சுவரில் யானைத்தலை, சிங்கத்தலை, மீசை முறுக்கிய சூரன் தலை, மூன்றும் பலகையில் வரைந்து கீல் போட்டிருந்தது. இருபது காசுக்கு மூன்று பந்து. மூன்று தலையையும் சாய்த்தால் ஒரு பொட்டலம் சில்லுக்கருப்பட்டி. மேலே ஆளுயர முருகன் படம், மாலை, விளக்கு, சாம்பிராணி. வந்தவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றினார்கள், கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், டப்பாவில் காசு போட்டார்கள், போய்விட்டார்கள். பந்தை ஒருவர்கூடத் தொடவில்லை!

"டப்பாதான் நிறையுதே, பிறகு என்ன அண்ணாச்சி?" என்றேன்.

"சாமிக்குன்னு போட்ட காச நான் எடுத்தா வெளங்குவனா வே? தினமும் கோயில் உண்டியல்ல கொண்டு போட்டுட்டு வாரேன்," என்றார். முகம் வாடிக் கிடந்தது. கட்டடம் அவருடைய அக்கா புருஷனுக்குச் சொந்தம். "இன்னைக்குச் சாயங்காலம் அத்தான் பூட்டோட வாராரு. ஆட்டம் நடக்கலேன்னா இது கருப்பட்டி கோடவுன்தான்னு சொல்லிட்டாரு."

எனக்கு ஒருபக்கம் சிரிப்பு, ஒருபக்கம் பாவமாக இருந்தது. படம் வரைய, தச்சு வேலைக்கு என்று கையிலிருந்ததையெல்லாம் இதில் போட்டிருந்தார் மனுஷர்.

பதினோரு மணிக்கு ஸ்ரீவைகுண்டம் பக்கத்து அம்மாள் ஒருத்தி, ஈரத்தலையோடு வந்து கும்பிட்டாள். விடுவேனா? "ஏம்மா, ரெண்டு பந்து எறிஞ்சு பாக்கலாமே?" என்றேன்.

"நல்லா கேட்டீரு! சாமி அங்கன வேலோட நிக்காரு. அவரு வேலைய நான் செஞ்சா நல்லாவா இருக்கும்?"

அண்ணாச்சியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அடடா, தினம் நூறு பேர் வந்தும் இவர் ஒருவரைக்கூடக் கேட்கவில்லை! உடனே ஸ்டூலில் ஏறினார். "முருகா, கோவிச்சுக்கிடாதயும். வீட்டுல வந்து இரியும்" என்று சொல்லிச் சொல்லிப் படத்தை இறக்கினார். நான் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, பின்கட்டிலிருந்த அவர் வீட்டுப் பூஜை அறையில் கொண்டுபோய் மாட்டினோம். விளக்கு, சாம்பிராணி எல்லாம் கூடவே போயின.

திரும்பி வந்தால் அந்த அம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிற்கிறாள். "இப்ப எறியலாம்லா?" முதல் பந்திலேயே யானைத்தலை படீரென்று சாய்ந்தது. தெருவில் போனவர்கள் எட்டிப்பார்த்தார்கள். அப்புறம் கேட்க வேண்டுமா! மொட்டைத்தலையில் சந்தனத்தோடு ஆண்கள், குழந்தையை இடுப்பில் வைத்தபடி பெண்கள், எல்லோருக்கும் சூரன்மேல் அப்படி ஒரு ஆத்திரம். நான் சாப்பாட்டை மறந்து பந்து பொறுக்கினேன்.

ஐந்தரைக்கு அத்தான் வந்தார், சொன்னபடியே கையில் பூட்டோடு. கூட்டத்தை விலக்கி உள்ளே வந்து ஒரு பந்தை எடுத்து எறிந்தார். சுவரில் பட்டது. இரண்டாவது, சூரன் காதோரம் போயிற்று. மூன்றாவது எங்கே போனதென்றே தெரியவில்லை. ஜனங்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவர் முகம் சிவந்து நாலாவது பந்துக்குக் கை நீட்டினார்.

"அத்தான், மூணு ஆயிட்டு. பின்னால ஆளு நிக்கி," என்றார் அண்ணாச்சி. அந்தப் பூட்டைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

என் பஸ் ஆறு மணிக்கு. கிளம்ப மனமே இல்லை. கோவில்பட்டியில் வாடகை கேட்டு வரும் கட்டடக்காரர் தலை தெரிந்தால் நான் பின்வாசல் வழியாக நழுவுகிறவன். இங்கே கட்டடக்காரர் பூட்டை மடியில் செருகிக்கொண்டு, இருபது காசைக் கையில் பிடித்தபடி, இன்னும் ஊருக்குக் கிளம்பாத அந்த ஸ்ரீவைகுண்டம் அம்மாளுக்குப் பின்னால் வரிசையில் நின்றார்.