ஒரு வீட்டுக்கு ஒரு முகவரி

எங்கள் வீட்டுக்கு ஒரே ஒரு மின்னஞ்சல் முகவரிதான். தங்கை ஐந்தாம் படிவம் முடித்ததும் கல்லூரி விண்ணப்பத்துக்காகக் கோலா சிலாங்கூரில் ஒரு கணினிக் கடையில் உட்கார்ந்து திறந்தது. நாங்கள் வளர்ந்த தோட்டத்தில் கடிதமெல்லாம் ஆபீசுக்கு வரும். லயத்து வரிசை வீடுகளில் யார் கையில் கொடுத்தாலும் வீடே பிரித்துப் படிக்கும். அப்படிப் பழகியவர்களுக்கு ஆளுக்கொரு முகவரி வேண்டும் என்று தோன்றவே இல்லை. கடவுச்சொல் எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அம்மாவின் கருமாதியன்று, "அம்மா படுத்துக் கெடந்தப்ப நீ எங்க போயிருந்த?" என்று சொந்தக்காரர்கள் முன்னால் அவளைக் கேட்டுவிட்டேன். பையை எடுத்துக்கொண்டு ரவாங்குக்குப் போய்விட்டாள். அங்கேதான் அவளுக்குத் தொழிற்சாலை வேலை. பிறகு போன் நம்பரையும் மாற்றிவிட்டாள். வாய் என்னுடையது, யாரை நொந்துகொள்வது?

அசாம் ஜாவாவில் நான் தனியாள். நாலு வருஷமாக அவளைப் பற்றிய சேதி அந்த அஞ்சல் பெட்டியில்தான் கிடைத்தது. படிக்காத மடல் தடித்த எழுத்தில் இருக்கும். சேலைக் கடையின் மலிவு விற்பனை மடல்களை நான் தொடமாட்டேன். ஓரிரு நாளில் அவை மெல்லிய எழுத்துக்கு மாறியிருக்கும். அவள் திறந்து பார்த்திருக்கிறாள், நன்றாகத்தான் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு தேத்தண்ணி கலக்கப் போவேன்.

போன மாதம் பெட்டி நிறைந்துவிட்டது. ஆபீசில் உடன் வேலை செய்பவர், "கம்ப்யூட்டர்ல மெயில் புரோகிராம் போட்டு எறக்கிக்கிங்க லா, அண்ணே. நான் வந்து செஞ்சி குடுக்கவா?" என்று கேட்டார். இருபது வருஷம் கிராணியாக எழுத்து வேலை பார்த்தவனுக்கு இன்னொருவர் வந்து செய்து தருவதா? நானே உட்கார்ந்தேன். முகவரி, கடவுச்சொல், சர்வர் பெயர் எல்லாம் கொடுத்தேன். மடல்களைப் பெட்டியிலேயே வைத்துப் படிப்பதா, கணினிக்கு இறக்கிக்கொள்வதா என்று கேட்டது. இறக்கச் சொன்னேன். சர்வரில் ஒரு நகலை விட்டுவைக்கும் கட்டத்தில் டிக் இருந்தது. இடம் இல்லை என்றுதானே இத்தனை பாடு? அந்த டிக்கை எடுத்தேன். மடல்கள் மளமளவென்று இறங்கின. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்றாம் நாள் புரோகிராமில் ஒரு புது மடல் வந்திருந்தது. அனுப்பிய முகவரியும் எங்களுடையது, பெற்ற முகவரியும் எங்களுடையது.

"பெட்டியில ஒண்ணுமே இல்ல. நான் பாக்கக் கூடாதுன்னுதானே காலி பண்ணிட்டீங்க. சரிண்ணே, இனிமே தொறக்க மாட்டேன்."

அண்ணே என்று எழுதியிருந்தாள். அதற்குத்தான் அழுதேன்.

அவளுக்கென்று வேறு முகவரி எனக்குத் தெரியாது. எங்கள் முகவரிக்கே பதில் போட்டால், அவள் பார்க்கும் முன்னே புரோகிராம் அதையும் இறக்கிக்கொள்ளும். புரோகிராமிலிருந்து எங்கள் கணக்கை நீக்கினேன். பழையபடி இணையத்தில் நுழைந்து, எங்கள் முகவரிக்கே எழுதினேன்.

"ஒன்ன வெரட்டலம்மா. தெரியாம செஞ்சிட்டேன். அன்னிக்கு அப்படிக் கேட்டதும் என் தப்புதான். வீட்டுக்கு வா."

தினமும் காலையில் பெட்டிக்குள் போய் அந்த மடலைத் தொடாமல் பார்க்கிறேன். அதற்கு மேலே சேலைக் கடை மடல்கள் ஆறேழு சேர்ந்துவிட்டன. எல்லாமே தடித்த எழுத்தில்தான் இருக்கின்றன.