கம்பி முனை ராவிய மூன்று நாள்

உப்பு அம்பாரத்தில் ஏறாதே என்று சொன்னால் முதல் ஆளாக ஏறுகிற ரகம் நான். ஒன்பது வயதில் அங்கிருந்து சறுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டேன். மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் கால் தரையில் நிற்கவில்லை. எதையாவது பிடித்து நடந்து பழகினால்தான் பள்ளிக்கூடம், இல்லையென்றால் இந்த வருடம் போச்சு என்றார் டாக்டர்.

அம்மாவின் தம்பி, என் மாமா, துறைமுகத்தில் கிரேன் பழுதுபார்க்கிறவர். எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் சொந்தப் பட்டறையும் வைத்திருந்தார். நான் பிடித்து நடக்க இரண்டு வரிசை மரச்சட்டம் அடித்துத் தருவதாகக் கிளம்பினார். சட்டத்தைத் தூணோடு இறுக்குவதற்கு முழுக்கத் திருகுமரை வெட்டிய நீளமான கம்பியைப் பன்னிரண்டு துண்டாக அறுத்தார். அவசரத்தில் ஒன்றை மறந்துவிட்டார். அறுக்குமுன் கம்பியில் நட்டை மாட்டிவைத்தால், பிறகு அதைத் திருகிக் கழற்றும்போதே, அறுத்ததில் நசுங்கிய மரை சரியாகிவிடும். மாட்டாததால் ஒரு முனையிலும் நட்டு ஏறவில்லை.

“கிரேனையே கழத்தி மாட்டுதவன், ஒரு நட்டைப் போட மறந்துட்டான் பாரு,” என்றாள் அம்மா.

மாமா அரத்தை எடுத்து உட்கார்ந்தார். முனைகளைச் சாய்த்துப் பிடித்து ராவினார். மறுநாளே நட்டெல்லாம் வழுக்கிக்கொண்டு ஏறின. அப்புறமும் மனுசன் விடவில்லை. ராவுவார், முனையைத் தன் கன்னத்தில் தேய்த்துப் பார்ப்பார், மறுபடி ராவுவார். இப்படி மூன்று நாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“நட்டுதான் ஏறிட்டுல்லா மாமா? பள்ளிக்கூடம் தொறந்துரும்.”

“பொறுளா,” என்றார். அவ்வளவுதான்.

சட்டம் நின்ற அன்று நாலாவது எட்டிலேயே கால் மடங்கி விழுந்தேன். விழும்போது, தூணுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கம்பி முனை என் கண்ணுக்குச் சற்றுக் கீழே அழுத்தமாக உரசிக்கொண்டு போனது. அம்மா ஓடிவந்து முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிவந்த கோடு ஒன்று இருந்தது. ரத்தம் இல்லை.

பள்ளிக்கூடம் திறந்த அன்று நடந்தே போனேன். இந்தக் கண்ணும் இந்தக் காலும் மாமா தந்தவை என்று இன்றும் எல்லாரிடமும் சொல்கிறேன். ஆனால் விழுந்த அன்று அதெல்லாம் எங்கே தெரிந்தது?

மாமா தரையில் உட்கார்ந்து தோள் குலுங்க அழுதார். பாடுபட்டுச் செய்த சாமானை நான் இடித்துவிட்டதில் வருத்தம்போல என்று நினைத்துக்கொண்டேன். தவழ்ந்து போய் அவர் முழங்காலைப் பிடித்து, “அழாதிய மாமா, கம்பி வளையல,” என்றேன்.