கொம்பில் கம்பி சிக்கிய நாளில் பெண் பார்க்கப் போனேன்

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, கோலா கெத்தில் பக்கம் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு மான் பண்ணையில் தீனி போடும் வேலையில் இருந்தேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. மாலை நாலரைக்கு ராகு காலம் தொடங்குவதற்குள் திகாம் பத்துவில் பெண் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. ஏற்கெனவே மூன்று இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் இனி தரகரிடம் எந்த முகத்தோடு பேசுவது என்று காலையிலிருந்தே புலம்பிக்கொண்டிருந்தார்.

புதுச் சட்டை போட்டு, அரை பாட்டில் செண்ட்டை மேலே கொட்டிக்கொண்டு கிளம்பும் நேரத்தில் பண்ணை முதலாளி போன் செய்தார். மான்கள் இணை சேரும் காலம் அது. பெரிய ஆண் மான் வெறிபிடித்து வேலியை முட்டியதில் கம்பி அறுந்து கொம்பில் சிக்கிக் கழுத்தை இறுக்குகிறதாம். மயக்க ஊசியோடு டாக்டர் வந்துவிட்டார். ஆனால் அது என்னைத் தவிர யாரையும் கிட்டே விடாதே!

பத்து நிமிடம்தான் என்று அம்மாவிடம் கெஞ்சினேன்.

"மானுக்கு ஜோடி அப்புறம் சேரட்டும், மொதல்ல நீ காடியில ஏறு லா!" என்றார். ஆனாலும் கூடவே வந்தார்.

சத்தமே கூடாது, மிரண்டு ஓடினால் கம்பி இன்னும் இறுகிச் செத்துவிடும் என்றார் டாக்டர். நான் தீனி வாளியோடு முன்னே போக, அவர் ஊசி ஊதும் குழலோடு குனிந்து பின்னால் வர ஏற்பாடு. "அது எம் புள்ள மாதிரி, டாக்டர்" என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

பிள்ளை மூக்கைத் தூக்கி மோந்து பார்த்தது. தினமும் வேர்வையும் தவிடுமாக வருகிறவன் எங்கே, இந்த மணக்கும் ஆசாமி எங்கே! ஒரு கனைப்பு. அடுத்த நொடி என்னைத் துரத்தியது. வாளியைப் போட்டுவிட்டு ஓடியவன், அது தன் மூத்திரத்தைக் கலந்து புரண்டு வைத்திருந்த சேற்றுக்குள் குப்புற விழுந்தேன். கதை முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன். மான் வந்து, என் தலையை மோந்து, அப்படியே நின்றுவிட்டது. இப்போதுதான் நம்ம ஆள் என்று பட்டதோ என்னவோ! அந்த நேரம் பார்த்து டாக்டர் ஊசியை ஊதினார். அது சாய்ந்ததும் கம்பியை வெட்டி எடுத்தோம்.

மணி மூன்றரை. வீட்டுக்குப் போய்க் குளிக்க நேரமில்லை. அம்மா குழாயடியில் என்னைத் தேய்த்துக் கழுவி, முதலாளியின் சட்டையை மாட்டிவிட்டார். நாற்றம் மட்டும் போகவில்லை. ராகு காலத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பெண் வீட்டுக்குள் நுழைந்தோம். பெண்ணின் அப்பா எழுந்து ஜன்னல்களைத் திறந்தார்.

"தம்பி லோங்காங்ல விழுந்துட்டாரா, அக்கா?" என்று, சாக்கடை நாற்றம் என்றே நினைத்து, அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார்.

அம்மா தரையைப் பார்த்தார். இதுவும் போச்சு என்று நினைத்து, செண்ட் போட்டது உட்பட நடந்ததையெல்லாம் சொல்லிக் கொட்டிவிட்டேன். தேநீர்த் தட்டோடு சமையலறை வாசலில் நின்ற பெண்தான் முதலில் கேட்டாள்.

"மான் பொழச்சிருச்சா?"

பிழைத்துவிட்டது என்றேன். அடுத்த தை மாதம் எங்களுக்குக் கல்யாணம். யாரையாவது எடைபோடத் தோன்றும்போதெல்லாம், அவர் முதலில் எதைப் பற்றிக் கேட்கிறார் என்றுதான் இன்றுவரை காத்திருந்து பார்க்கிறேன்.