இரண்டரை மணி நேரம்தானே!

“அம்மா போயிட்டாங்க. மூணு மணிக்கு எடுக்குறோம்” என்று ஈப்போவிலிருந்து அண்ணன் காலையில் போன் செய்தார். கோலாலம்பூரிலிருந்து காரில் இரண்டரை மணி நேரம்தானே என்று, ஆபீஸ் மீட்டிங்கை முடித்துவிட்டே கிளம்பினேன். அம்மா உயிரோடு கூப்பிட்டபோதும், “பக்கம்தானேம்மா, நெனச்சா வந்துருவேன்” என்றவள்தானே நான்!

வழியில் தஞ்சோங் மாலிமில் பயங்கர ஜேம், கார் நகரவே இல்லை.

“எங்க இருக்கே லா? இதுக்கு மேல வச்சிருக்க முடியாது” என்றார் அண்ணன்.

நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. சிங்கப்பூரிலிருந்து பிளேன் பிடித்து மதியமே வந்துவிட்ட அக்கா, கைக்குட்டை முடிச்சை என்னிடம் நீட்டினாள்.

“உன் பங்கு வாய்க்கரிசி. எப்படியும் வந்துருவேன்னு எடுத்து வச்சிருந்தேன்.”

அந்த ஒரு பிடி அரிசி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. சமைக்கவும் முடியவில்லை, கொட்டவும் மனமில்லை.