துணி மட்டும் உடுத்திய மந்திரக்காரி

என் அக்கா சுகிர்தா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வெல்டிங் வேலை பார்க்கிறாள். முகத்துக்கு மூடி, மார்புக்குத் தோல் ஏப்ரன், முழங்கை வரை கிளவுஸ், காலில் இரும்பு முனை வைத்த ஷூ. ஷிப்டு முடிந்து எல்லாவற்றையும் கழற்றினால் நனைந்த கோழி மாதிரி இருப்பாள். அப்படிச் சொல்லி உதையும் வாங்கியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் ஜெபா அண்ணன் வீட்டு மாடியில் நாங்கள் நாலு பேர் பகடை விளையாடுவோம். தாயம் மாதிரி இல்லை. ஜெபா அண்ணன் கதை சொல்லுவார். கதைக்குள் ஆளுக்கு ஒரு வேஷம். எதைச் செய்தாலும் இருபது முகப் பகடையை உருட்டித்தான் பலிக்கிறதா என்று பார்க்க வேண்டும்; பெரிய எண் விழுந்தால் பலிக்கும். நான் திருடன். அதற்கு ஏன் எல்லாரும் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. அக்காவோடு ஒரே ஷெட்டில் வேலை செய்யும் அன்புராஜ் அண்ணன் போர்வீரன். அக்கா மந்திரக்காரி.

மந்திரக்காரி இரும்பு உடுத்தக் கூடாது என்பது விதி. உடுத்தினால் மந்திரம் செத்துவிடும், திரும்பவே திரும்பாது. நீல அங்கி ஒன்றுதான். கத்தி பட்டால் கிழிந்துவிடும். வேறு வேஷம் எடு என்று ஜெபா அண்ணன் எவ்வளவோ சொன்னார்.

"வாரம் பூரா மாட்டிக்கினு கீறேன். இங்கியாவது துணியோட இருந்துட்டுப் போறேன்" என்றாள் அக்கா.

வீட்டில் மிஞ்சிய துணியில் நிஜமாகவே ஒரு நீல அங்கி தைத்தாள். நான் அதைக் கொடியிலிருந்து எடுத்து எங்கள் நாய்க்குக் கட்டிவிட்டேன். நாய்க்கு நன்றாகத்தான் இருந்தது.

"உன் மேல அடி உழாது சுகி. முன்னாடி நான் நிக்கிறேன்" என்று அன்புராஜ் அண்ணன் சொன்னதை நம்பித்தான் அவள் துணிந்தாள். அவரும் நின்றார். ஒவ்வொரு சண்டையிலும் கேடயம் அவர், நெருப்பு அவள். ஷெட்டில் டீ குடிக்கும்போதும் இதே பேச்சுதானாம். அதைச் சொல்லும்போது சிரிப்பாள். அவள் லேசில் சிரிக்க மாட்டாள். அதனாலேயே அந்த ஆளை மட்டும் நான் கலாய்க்காமல் விட்டுவைத்திருந்தேன்.

போன மாதம் கதையில் பாலத்து அரக்கன் வந்தான். விலகி நின்றால் நாகச்செதில் கவசம் தருகிறேன் என்று போர்வீரனிடம் பேரம் பேசினான். ஜெபா அண்ணன் சும்மா ஆசை காட்டிப் பார்த்தார், அவ்வளவுதான்.

"நான் நவுந்துக்கிறேன்" என்றார் அன்புராஜ் அண்ணன்.

அக்கா அவரையே பார்த்தாள். அவர் தன் வேஷத்தின் சாமான்களைக் குறிக்கும் தாளில் கவசத்தை எழுதிக்கொண்டிருந்தார்.

"கேம்தானே சுகி. இந்த மாதிரி கவசம் திரும்பக் கெடைக்குமா?"

எல்லா முகத்திலும் இருபது என்றே எழுதிய ஏமாற்றுப் பகடை ஒன்று என்னிடம் உண்டு. அதை மேசைக்கடியில் அவள் கையில் திணித்தேன். என் மடியிலேயே திருப்பிப் போட்டுவிட்டு, நல்ல பகடையை உருட்டினாள். சின்ன எண். அரக்கனின் அடி அவள் மேல் விழுந்தது.

பிழைக்க ஒரே வழி, பாலத்தில் செத்துக் கிடக்கும் சிப்பாயின் இரும்புச் சட்டை என்றார் ஜெபா அண்ணன். அவர் குரலே இறங்கிவிட்டது. வேண்டாமென்றால் இவள் சாகட்டும், புது மந்திரக்காரி தருகிறேன் என்றார்.

"புதுசா வந்தாலும் எவன் பின்னாடியாவதுதானே நிக்கணும்" என்றாள் அக்கா. "போட்டுக்கிறேன்."

மறுவாரமே கேட்டு வாங்கி, அன்புராஜ் அண்ணன் இல்லாத இரண்டாம் ஷிப்டுக்கு மாறிக்கொண்டாள். ஞாயிறுகளில் வருகிறாள், கதையில் மந்திரத்துக்குப் பதில் கத்தியால் நன்றாகவே வெட்டுகிறாள், கீழே இறங்கிப் போகிறாள். அன்புராஜ் அண்ணன் என்னை ஓரமாக இழுத்து, வெளையாட்டுக்குப் போய் உங்க அக்காவுக்கு இன்னாடா கோவம் என்று கேட்டார். தெரியாது என்றேன். வாசலில் கிடந்த அவர் செருப்பில் ஒன்றை மட்டும் எடுத்துப் பின்பக்கக் குட்டையில் வீசினேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை.