பாளையங்கோட்டையிலிருந்து நாங்குநேரிக்குப் பேட்டரி காரில்: முப்பது கிலோமீட்டர்

அன்றைக்கு அந்தக் காரில் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், என் வீட்டுக்காரர், அவருடைய தம்பி சிதம்பரம். வழியில், மூன்றடைப்பில் பேட்டரிக் கடை வைத்திருந்த முத்தையா. நாங்குநேரியில் எனக்காகக் காத்திருந்த பகவதி, என் தங்கை கோமுவின் மகள். முக்கியமாக இவ்வளவு பேர்தான்.

1995, தை மாதம். பகவதிக்கு நிச்சயதார்த்தம். பத்தரையிலிருந்து பதினொன்றரை வரை நல்ல நேரம். தாயில்லாத பிள்ளைக்கு நான்தான் தட்டு மாற்ற வேண்டும். ஆஸ்பத்திரியில் கோமுவின் கையைப் பிடித்துக்கொண்டு நான் கொடுத்த வாக்கு அது.

கார் வாங்கி ஏழு மாதம் ஆகியிருந்தது. விலை ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம். எட்டு மணி நேரம் பிளக்கில் போட்டால் ஐம்பது கிலோமீட்டர் ஓடும் என்று விற்றவன் சொன்னான். ஏழு யூனிட் கரண்ட். பெட்ரோல் செலவோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. இது வரைக்கும் எனக்கும் புரிந்தது. அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்றுவரை முழுசாகப் பிடிபடவில்லை.

காலை ஒன்பதுக்குக் கிளம்பினோம். சார்ஜ் அளவு காட்டுகிற முள் நிறைவில் நின்றது. பொன்னாக்குடி தாண்டியதும் பாதிக்கு வந்தது. பாதிச் சார்ஜ் போயிருந்தால் இருபத்தைந்து கிலோமீட்டர் வந்திருக்க வேண்டாமா? பன்னிரண்டுதான் வந்திருந்தோம். கேட்டேன். "முள்ளு அப்படித்தான் காட்டும், சும்மா இரி" என்றார் என் வீட்டுக்காரர். ஒன்பது நாற்பதுக்கு, பத்தொன்பதாவது கிலோமீட்டரில், மூன்றடைப்புக்குப் பக்கத்தில் வண்டி நின்றது. முத்தையா கடை வரைக்கும் தள்ளினோம். பட்டுச்சேலையோடு நானும்தான்.

முத்தையா மூடியைத் திறந்து பார்த்தான். "அண்ணாச்சி, இதுக்குள்ள என்ன தண்ணி ஊத்துனிய?"

"ஆத்துத் தண்ணிதாம்ல. வாரா வாரம் குறுக்குத்துறையில போயி நானே கோரிட்டு வந்து ஊத்துதேன்" என்றான் சிதம்பரம். "நம்ம தாமிரபரணிய விட சுத்தமான தண்ணி எங்கன இருக்கு?"

"குடிக்கதுக்குச் சுத்தந்தான், அண்ணாச்சி. பேட்டரிக்குக் காய்ச்சி வடிச்ச தண்ணில்லா ஊத்தணும். உள்ள பூரா உப்பு படிஞ்சி கெடக்கு."

சிதம்பரத்தின் முகம் செத்துவிட்டது. ஆற்றுத் தண்ணீரில் உப்பா? எனக்கும் நம்ப முடியவில்லை.

பத்து ஐந்துக்கு நாங்குநேரி பஸ் வந்தது. டிக்கெட் இரண்டு ரூபாய், இருபது நிமிஷம். நான் படியில் ஒரு காலை வைத்துவிட்டேன். என் வீட்டுக்காரர் என் கையிலிருந்த பையை வாங்கி, காருக்குள் வைத்துப் பூட்டினார். தட்டும் பிள்ளைக்கு எடுத்த பட்டும் அதில்தான் இருந்தன.

"காரு வாங்கியிருக்கோம்னு ஊரு பூரா சொல்லியாச்சு. பஸ்ஸுல போயி எறங்குனா மாப்பிள வீட்டுக்காரன் சிரிக்க மாட்டானா?"

"எம்மா, ஏறுதியளா இல்லியா?" என்றான் கண்டக்டர். பஸ் போய்விட்டது.

ஒரு மணி நேரம் சார்ஜ் போட்டதில் முள் மறுபடியும் நிறைந்தது. எட்டு மணி நேர வேலை ஒரு மணியில் எப்படி முடியும் என்று கேட்டேன். "பேட்டரி செத்தா அப்படித்தாம்மா, சட்டுனு நெறையும், சட்டுனு எறங்கும்" என்றான் முத்தையா. ஒரு கிலோமீட்டர்கூட ஓடவில்லை. அப்புறம்தான் பையைக் கொடுத்தார். அடுத்த பஸ்ஸில் நான் மட்டும் போய் இறங்கும்போது பதினொன்றே முக்கால்.

தட்டு மாற்றியாகிவிட்டது. மாற்றியவள் பகவதியின் அத்தை. கோமு உயிரோடு இருந்தவரை அவளிடம் ஒரு நல்ல வார்த்தை பேசாதவள். "வாசலையே பாத்துக்கிட்டிருந்தேன் பெரியம்மா" என்றாள் பகவதி.

இப்போது கரண்ட் கார் வாங்குகிறவர்களுக்கு: விற்கிறவன் ஐம்பது என்றால் முப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். முள்ளை நம்பாதீர்கள், கிலோமீட்டரை எண்ணுங்கள். பேட்டரிக்கு என்ன ஆகும், என்ன ஆகாது என்று வாங்கும் அன்றைக்கே கேளுங்கள். எங்களுக்குக் கொடுத்த புத்தகம் முழுக்க இங்கிலீஷ். புதுப் பேட்டரிக்குப் பதினாறாயிரம் கேட்டார்கள்; காரை அந்த விலைக்குக்கூட யாரும் கேட்கவில்லை. நேரத்துக்குப் போக வேண்டிய இடமென்றால் பஸ்ஸில் போங்கள்.

சிதம்பரத்தை அன்றைக்கே மன்னித்துவிட்டேன். தெரியாமல் செய்தான், அழுதான். விற்றவனையும் விட்டுவிட்டேன். அந்த அத்தையைக்கூட, போகட்டும். ஒரு லாரியில் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு நாலு மணிக்கு நாங்குநேரிக்கு வந்து சேர்ந்த என் வீட்டுக்காரர் என்னிடம் முதலில் கேட்டது, "காரு எங்கேன்னு யாரும் கேட்டாவளா?" என்பதுதான். என்னைக் கட்டினவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. எழுதலாம். காந்திமதிநாதன்.