குடும்பிமலை உச்சியில் கிடைத்த பதில்

இன்று மச்சான் சீனித்தம்பியோடு குடும்பிமலை ஏறினேன். உச்சியில் நின்றால் வாவியும் கடலும் ஒன்றாகத் தெரியும் என்று அவன்தான் அழைத்தான்.

கடலைக் காட்ட முன்னே சாய்ந்தவன் பாறை விளிம்பில் வழுக்கித் தொங்கினான். அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"இழுடா மச்சான்!"

யாரோ பெயர் போடாமல் மேலிடத்துக்கு எழுதி, என் தலைமையாசிரியர் வேலையைத் தின்ற மொட்டைப் பெட்டிசம் நினைவுக்கு வந்தது.

"அதை எழுதினது ஆரு? சொல்லு, இழுக்கிறன்."

"நீ குடிச்சிட்டு வெறியில பள்ளிக்கு வாறாய் எண்டு எழுதினது நான்தான். சாகப்போறன், இழு!"

இழுத்தேன். அவன் எழுந்து நின்றதும் முகத்தில் குத்தினேன். இரண்டு பற்கள் விழுந்தன. சுருண்டவனை விலாவில் மிதித்தேன்.

இறங்கும்போது சால்வையால் வாயைப் பொத்தியபடி, "நீ அடிச்சதை அரசாங்கத் துரைக்குப் பெட்டிசம் போடுவன்" என்றான்.

இம்முறையாவது கையெழுத்து வைக்கட்டும். உயிரைக் காப்பாற்றியதையும் எழுதுவானா? என்ன நினைக்கிறீர்கள்?